மகட்கொடை, பட்டம், பாடிகாவல்: சோழர் அவையில் குறுநிலக் குடிகள்

திருவையாற்றுக்கு அருகே உள்ள தில்லைஸ்தானம் கோயிலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கடம்ப மாதேவி என்ற அரசகுலப் பெண் இறைவனுக்கு அளித்த கொடையைப் பதிவு செய்ய வெட்டப்பட்ட கல்வெட்டு அது. ஆனால் கொடையைச் சொல்வதற்கு முன்பாக அவருடைய கணவன் விக்கி அண்ணன் எத்தகையவன் என்பதை அது விரிவாக எடுத்துரைக்கிறது. சோழ மன்னனும் சேரமான் தாணு இரவியும் சேர்ந்து அவனுக்கு வழங்கியவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன: தவிசு (இருக்கை), சாமரை, சிவிகை (பல்லக்கு), திமிலை (பறை வகை), மாளிகை, போனகம் (உணவு), காளம் (ஊதுகொம்பு), களிற்று நிரை, இவற்றோடு 'செம்பியன் தமிழவேள்' என்ற குலப்பெயர்.

இந்தப் பட்டியலில் பொன் இல்லை, ஊர் இல்லை. இருப்பவை பெரும்பாலும் பிறர் கண்ணில் படுபவை, அல்லது பிறர் காதில் விழுபவை. அவன் உட்காரும் இருக்கை இன்னது, அவன் வரும்போது முழங்கும் கருவி இன்னது, அவனைச் சுமந்து வரும் ஊர்தி இன்னது என்று அவையில் உள்ள ஒவ்வொருவரும் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்டவை அவை. கடைசியாக உள்ள குலப்பெயர் மட்டும் விக்கி அண்ணனோடு முடிந்துவிடாமல் அவன் வழியினருக்கும் போய்ச் சேரக்கூடியது.

சோழர் வரலாற்றை நாம் பெரும்பாலும் மன்னர்களின் வரிசையாகவே படித்திருக்கிறோம். விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான், பராந்தகன் மதுரையை வென்றான், ராசராசன் பெரிய கோயிலைக் கட்டினான் என்று நீளும் அந்த வரிசைக்குப் பின்னால், மன்னனுக்குப் பெண் கொடுத்தும் படை அனுப்பியும் உயிர் கொடுத்தும் அரசவையில் இடம் பிடித்த குடும்பங்கள் இருந்தன. அந்தக் குடும்பங்களைப் பற்றிக் கல்வெட்டுகளில் தேடித் தேடிப் படித்தபோது, மன்னன் அவர்களுக்கு எதைக் கொடுத்தான் என்ற கேள்வியே மற்றெல்லாவற்றையும் விளக்குவதாக எனக்குத் தோன்றியது. நானூறு ஆண்டுகளில் அந்தக் கொடையின் தன்மை மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறை மாறியபோதும் பெரிய குடிகளின் ஆசை வேறொரு திசையில் வளர்ந்தது. அந்த ஆசை கடைசியில் சோழ மன்னனையே சிறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

ஏறத்தாழ கி.பி. 850இல் விசயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றியபோது சோழர் குலம் சிறியது; பல்லவருக்கும் பாண்டியருக்கும் நடுவே ஒதுங்கி நின்ற குலம். ஏறத்தாழ 880இல் நடந்த திருப்புறம்பியம் போரில்கூட ஆதித்தன் பல்லவன் அபராசிதனின் பக்கத்தில் நின்றவனே தவிர, போரின் நாயகன் அல்லன். சுற்றிலும் பழைய குடிகள் இருந்தன. தெற்கே கொடும்பாளூரில் இருக்குவேள் மரபினர், கொள்ளிடத்துக்கு வடக்கே பழுவூரில் பழுவேட்டரையர், பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் மலையமான்கள், காவிரிக்கு வடக்கே மழவர் என்று ஒவ்வொரு குடிக்கும் தனித்தனி நிலமும், படையும், சோழரைவிடத் தாங்கள் பழையவர்கள் என்ற எண்ணமும் இருந்தன. இவர்களை ஒவ்வொருவராகப் போரிட்டு அழிப்பதற்குப் புதிதாக எழுந்த ஒரு மன்னனால் முடியாது. அழித்தால் அவர்களுடைய படையும் சேர்ந்தே அழியும். ஆகவே சோழர் சம்பந்தம் செய்துகொண்டனர்.

கொடும்பாளூர் ஏன் முக்கியமானது என்பதை அந்த ஊர் அமைந்திருக்கும் இடமே சொல்லிவிடும். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் அது இருக்கிறது. மதுரைக்குச் செல்லும் வழி கொடும்பை நெடுங்குளத்தின் அருகே சிவனுடைய சூலம் போல மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே படை நடத்த விரும்பும் எவரும் அந்தக் குடியைக் கேட்காமல் நடத்த முடியாது. சோழரும் பாண்டியரும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட காலத்தில் அந்த வழியை வைத்திருந்தவர்களுக்கு இரு பக்கத்திலிருந்தும் மதிப்பு வந்தது.

இந்தக் குடியின் மகள் ஒருத்தியைக் காண வேண்டுமானால் திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் உள்ள திருச்செந்துறைக்குப் போக வேண்டும். தென்னவன் இளங்கோவேளாரின் மகளும், பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் தேவியுமான பூதி ஆதித்தப் பிடாரியார் அங்கே கற்றளி (கற்கோயில்) எடுப்பித்தார். அக்கல்வெட்டில் தந்தையின் பெயர், கணவனின் பெயர் இரண்டும் வருகின்றன. பிறந்த வீட்டை விட்டு வந்த பிறகும் அந்த வீட்டின் பெயரைத் தம் பெயரோடு வைத்துக்கொண்டே இந்த அரசியர் கொடை அளித்தார்கள். கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவரும், இந்தக் கற்றளியைக் கட்டியவர் சோழர் வீட்டு மருமகள், அவர் வேளிர் குலத்து மகள் என்று இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வார்கள். மகளைக் கொடுத்த குடிக்கு அதனால் கிடைத்த பயனில் இதுவும் ஒன்று.

பெண் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலில் உள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு அந்தக் குடியின் பல தலைமுறை வரலாற்றைச் சொல்கிறது. அதில் வரும் சமராபிராமன் அநுபமா என்ற சோழ இளவரசியை மணந்தான். அவர்களுடைய மகன்தான் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரி. அவன் தன் மக்கள் இருவருக்கு இட்ட பெயர்கள் பராந்தகன், ஆதித்தன். சோழ மன்னர்களின் பெயர்கள் வேளிர் வீட்டுத் தொட்டிலில் இடப்பட்டிருக்கின்றன என்பதைப் படித்த அன்று நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாய்வழியில் சோழ ரத்தம் ஓடுகிற ஒருவன் தன் பிள்ளைகளுக்குச் சோழப் பெயர் வைப்பதில் பணிவும் இருக்கிறது, உரிமை கோருவதும் இருக்கிறது. இவற்றில் எது மிகுதி என்பதை எந்தச் சோழ மன்னனும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

மூவர் கோயிலுக்கு நேரில் போனபோது அந்தக் குடியின் எண்ணம் எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. தனக்காக ஒன்றும், கற்றளி, வரகுணா என்ற தன் தேவியர் இருவர் பெயரில் ஒவ்வொன்றுமாக விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று விமானங்களில் இன்று இரண்டே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. நடுவிமானத்தின் சுவரில் கிரந்த எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. முன்னோர் ஒருவன் வாதாபியை வென்றவன் என்றும், விக்கிரமகேசரி பல்லவப் படையின் குருதியால் காவிரி நீரைச் சிவக்கச் செய்தான் என்றும், வீரபாண்டியனை வென்றான் என்றும் அந்த வரிகள் பேசுகின்றன. வெற்றிகளெல்லாம் அந்தக் குடியின் பெயரிலேயே சொல்லப்படுகின்றன. தஞ்சையில் இன்னொரு மன்னன் இருக்கிறான் என்பதை அறியாத ஒருவர் இந்தச் சுவரைப் படித்தால், இது ஒரு பேரரசனின் மெய்க்கீர்த்தி என்றே நினைப்பார்.

அந்தப் பெருமைக்கு அவர்கள் கொடுத்த விலையும் குறைவில்லை. சுந்தர சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறியவேளான் ஈழத்துப் போரில் உயிர் துறந்தான். 'ஈழத்துப் பட்ட' என்ற அடைமொழியோடு அவன் பெயர் கல்வெட்டில் வருகிறது. அதற்கு முன்பே, முதலாம் பராந்தகனின் ஆட்சியில், பாண்டியனும் அவனுக்குத் துணையாக வந்த ஈழப் படையும் தோற்ற வெள்ளூர்ப் போரில் பழுவேட்டரையன் கண்டன் அமுதன் சோழருக்காகப் படை நடத்தினான். பெண் கொடுத்த வீடுகளே படையும் கொடுத்தன. சோழர் இந்தப் போர்களில் தம் மாமன்மாரையும் மைத்துனரையும் முன்னே நிறுத்திப் போரிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இப்படிப் பெண் கொடுத்தும் வாங்கியும் கட்டிய அரசுக்கு ஒரு பெரிய இடர் உண்டு. அரசனுக்குத் தேவியர் பலர். ஒவ்வொரு தேவியின் பின்னாலும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் மகள் பெற்ற பிள்ளை அரியணையில் உட்கார வேண்டும் என்ற ஆசை. முதலாம் பராந்தகன் பழுவேட்டரையரின் மகளை மணந்தான் என்றும், அவள் வயிற்றில் அரிஞ்சயன் பிறந்தான் என்றும் அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயனின் தேவி கல்யாணி வைதும்பர் குலத்தவர். அவருடைய மகன் சுந்தர சோழன். சுந்தர சோழனின் தேவி வானவன் மாதேவி மலையமான் குலத்தவர். அவருடைய மகன் ராசராசன். அரிஞ்சயனின் அண்ணன் கண்டராதித்தனின் தேவி செம்பியன் மாதேவியார் மழவரையர் மகளார். அவருடைய மகன் உத்தம சோழன். பழுவூர், வைதும்பர், மலையமான், மழவர் என்று தாய்வீடுகளை எழுதிக்கொண்டே போனால் சோழ அரசின் வரைபடமே கிடைத்துவிடுகிறது.

பராந்தகனின் மூத்த மகன் ராசாதித்தன் 949இல் தக்கோலத்தில் யானை மேலிருந்தபடியே மாண்ட பிறகு அரியணை நேர்வழியில் செல்லவில்லை. பராந்தகனின் காலம் 955இல் முடிந்ததற்கும் ராசராசன் 985இல் பட்டமேறியதற்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அரசுரிமை அண்ணன் கிளையிலிருந்து தம்பி கிளைக்கும், அங்கிருந்து மீண்டும் அண்ணன் கிளைக்கும், பின்னர் மறுபடியும் தம்பி கிளைக்கும் மாறியது. இந்த முப்பது ஆண்டுகளில்தான் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். இந்தக் கொலையைப் பற்றி நம் மனத்தில் ஊறியிருக்கும் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டை மட்டும் படிப்பது நல்லது என்பது என் கருத்து.

ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பிறப்பிக்கப்பட்ட அந்த ஆணை, 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை'க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. பழுவேட்டரையர் இல்லை, மழவர் இல்லை, கொடும்பாளூரார் இல்லை. பிரமாதிராயன் என்பது அரசு உயர்ந்த அதிகாரிகளாக இருந்த அந்தணருக்கு வழங்கிய பட்டம். குறுநில மன்னர்கள் சதி செய்து இளவரசனைக் கொன்றார்கள் என்று கதைகளை வைத்து நாம் நம்பி வந்தது கல்லில் இல்லை. கொலையாளிகளாகக் கல் காட்டுபவர்கள் மன்னனிடம் பட்டம் பெற்ற ஊழியர்கள்.

அந்த ஆணையில் என்னை மிகவும் பாதித்தது தண்டனையின் நீளம். கொலையாளிகளின் சொத்து மட்டும் பறிமுதல் செய்யப்படவில்லை. அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், பெரியப்பன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று உறவின் ஒவ்வொரு கிளையாக அது எண்ணிக்கொண்டே போகிறது. அதிகாரம் எந்த வழியாக ஓடியதோ அந்த வழி முழுவதையும் அடைக்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மனிதன் என்பவன் அன்றைய கணக்கில் தனி மனிதன் அல்லன். அவன் மாமன், மைத்துனன், மருமகன் எல்லாரும் சேர்ந்ததே அவன். ஆசைக்குத் துணை வந்த உறவு தண்டனைக்கும் துணை வர வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது ராசராசன் செய்தவை வேறொரு பொருள் பெறுகின்றன. தாய்வழியில் மலையமான்களின் பேரனான அவன் பழுவூர்ப் பெண்ணான பஞ்சவன் மாதேவியை மணந்தவன். அவன் தமக்கை குந்தவையாரோ வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார். உறவுகளை அவன் அறுக்கவில்லை. ஆனால் உறவுகளின் கையில் இருந்த நிலத்தை அளந்தான். 1001ஆம் ஆண்டையொட்டி நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டு, நாடுகள் வளநாடுகளாகத் தொகுக்கப்பட்டு, அந்த வளநாடுகளுக்கு மன்னனின் விருதுப்பெயர்களே இடப்பட்டன. பரம்பரையாக ஒரு குடியின் பெயரால் அறியப்பட்ட மண் இனிமேல் வரிப்பொத்தகத்தில் மன்னனின் பெயரால் அறியப்படும் என்பதே இதன் பொருள்.

அந்த வரிப்பொத்தகத்தை எழுதியவர்கள் ஒரு புதிய வகுப்பினர். மன்னன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருவாய்க்கேள்வி என்று குறித்துக்கொள்பவர், அதைத் திருமந்திர ஓலையில் எழுதுபவர், ஓலை நாயகமாக இருந்து ஒப்பிடுபவர், புரவுவரித் திணைக்களம் என்ற வரி அலுவலகத்தில் பதிபவர் என்று ஒரு கொடை செயல்படுவதற்குள் பல கைகளைக் கடந்தது. இவர்கள் பெருந்தரம், சிறுதரம் என்று தரம் பிரிக்கப்பட்டனர்; மூவேந்த வேளான், பல்லவரையன், பிரமராயன் போன்ற பட்டங்களைப் பெற்றனர். பட்டத்தின் முன்னால் பெரும்பாலும் ஆளும் மன்னனின் பெயர் ஒட்டியிருக்கும். விக்கி அண்ணனுக்குக் கிடைத்த குலப்பெயர் அவன் வழியினருக்கும் உரியது. ராசராச மூவேந்த வேளான் என்ற பட்டமோ அந்த மனிதன் அந்த மன்னனுக்குச் செய்யும் ஊழியத்தைச் சுட்டுவது. உடையார்குடி ஆணையில் தண்டிக்கப்பட்டவர்களும் இத்தகைய பட்டக்காரர்களே என்பதை மறந்துவிட முடியாது. பட்டம் பெற்றவன் துரோகம் செய்ய மாட்டான் என்று ராசராசன் நம்பியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டம் பெற்றவனுக்குப் பின்னால் கோட்டையும் படையும் இல்லை, ஓர் ஆணையால் அவனை நீக்கிவிடலாம் என்பதே அவன் கண்ட பயனாக இருந்திருக்க வேண்டும்.

குறுநில மன்னர்கள் செய்துவந்த வேறொரு பணியை இளவரசர்களே ஏற்றார்கள். ராசராசன் தன் மகன் ராசேந்திரனுக்கு 1012இலேயே இளவரசுப் பட்டம் கட்டினான். ராசேந்திரன் தன் மகன் ராசாதிராசனுக்கு 1018இலேயே கட்டினான். மதுரையில் ராசேந்திரனின் இன்னொரு மகன் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு அமர்ந்தான். அரசன் இறந்த பிறகு எந்தத் தாய்வீடு எந்தப் பிள்ளையை முன்னிறுத்தும் என்ற கேள்விக்கே இடமில்லாமல், அரசன் உயிரோடு இருக்கும்போதே விடை சொல்லியாகிவிட்டது. பழுவேட்டரையரின் பெயர் ராசேந்திரன் ஆட்சியின் முற்பகுதிக்குப் பிறகு கல்வெட்டுகளிலிருந்து மறைகிறது. அவர்களோடு போர் நடந்ததாகச் செய்தி இல்லை. அவர்கள் செய்த வேலைக்குத் தேவை இல்லாமல் போனது.

ஆனால் அந்த வீடுகளிலிருந்து வந்த பெண்கள் மறையவில்லை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த அரசியலின் சுமையை முழுதாகத் தாங்கியவர்கள் அவர்கள். சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது வானவன் மாதேவி பால்மணம் மாறாத குழந்தையை விட்டுவிட்டுத் தீப்புகுந்தார் என்பதை அவருடைய பிறந்த ஊரான திருக்கோவலூரில் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. பாரியின் மகளை மலையனுக்கு மணம் செய்வித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியும் அதே கல்வெட்டில் வருகிறது. தம் குலத்தின் மகள் ஒரு சக்கரவர்த்தியைப் பெற்றாள் என்ற பெருமிதம் அந்த வரிகளில் தெரிகிறது. அவள் எப்படி இறந்தாள் என்பதும் அந்தப் பெருமிதத்திலேயே கலந்திருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குப் பெருமை வருவதில்லை, வருத்தமே வருகிறது.

செம்பியன் மாதேவியாரின் வழி வேறு. இளமையிலேயே கணவனை இழந்து, மகனுக்கு உடனே அரசு கிடைக்காத நிலையில், அவர் கொழுந்தன் மகன் சுந்தர சோழனின் ஆட்சியையும் பார்த்தார், தம் மகன் உத்தமனின் ஆட்சியையும் பார்த்தார், அவனுக்குப் பின் ராசராசனின் ஆட்சியையும் பார்த்தார். இந்த மூன்று ஆட்சிகளிலும் அவருடைய கொடை நின்றதே இல்லை. செங்கல்லால் இருந்த கோயில்களைக் கருங்கல்லாக மாற்றினார். கோனேரிராசபுரத்தில் தம் கணவன் கண்டராதித்தனின் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவன் இலிங்கத்தை வழிபடும் உருவத்தையும் கல்லில் செதுக்கச் செய்தார். அரசுரிமை தம் கிளையை விட்டு நீங்கிய பின்னும் அவையில் அவருக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. எந்தக் குடியின் படையாலும் பெற முடியாத இடத்தை அவர் கோயில்களின் வழியாகப் பெற்றார் என்பது என் உறுதியான எண்ணம். பழுவூரிலிருந்து வந்த பஞ்சவன் மாதேவிக்கும் மதிப்பு நிலைத்தது. அவர் மறைந்தபோது அவர் வயிற்றில் பிறக்காத ராசேந்திரன் பழையாறையில் அவருக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். பட்டீச்சரத்துக்கு அருகே அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது.

பெண் கொடுத்த வீட்டின் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சோழரே ஒருமுறை மறுபக்கத்திலிருந்து அனுபவித்தார்கள். ராசராசனின் மகள் ஆந்திரப் பகுதியில் இருந்த வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தார். அவர்கள் மகன் ராசராச நரேந்திரன் ராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகன் 1070இல் அதிராசேந்திரன் மாண்டதும் சோழ அரசைக் கைப்பற்றி முதலாம் குலோத்துங்கன் ஆனான். வேங்கியைப் பிடியில் வைத்திருக்கக் கொடுத்த பெண்களின் வழியாகவே வேங்கியின் பிள்ளை சோழ அரியணைக்கு வந்தான்.

அதற்கு நூறாண்டு கழித்து, அதிகாரிகள் வகுப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதை மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு காட்டுகிறது. இரண்டாம் ராசராசன் இறக்கும்போது அவனுடைய பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். பெருமானம்பிப் பல்லவராயர் என்ற அமைச்சர் அந்தக் குழந்தைகளையும் அரண்மனைப் பெண்டிரையும் ஆயிரத்தளியிலிருந்து பாதுகாப்பாக வேறிடத்துக்குக் கொண்டுசென்றார். விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப்பெருமாளை, உடன்கூட்டமும் நாடும் ஒத்துக்கொள்ள, இரண்டாம் ராசாதிராசனாக முடிசூட்டியதும் அவரே. பின்னர் பாண்டிய அரசுரிமைப் போரில் ஈழப் படையை எதிர்த்து வென்றவரும் அவரே. அரசனுக்கு முடிசூட்டியவர் ஓர் அமைச்சர். அவர் அந்த அதிகாரத்தை நேர்மையாகவே பயன்படுத்தினார் என்று கல்வெட்டு சொல்கிறது, அதை ஐயுற எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் இறந்த பிறகு அவருடைய குடும்பத்தாருக்கு இறையிலியாக (வரியில்லாமல்) அளிக்கப்பட்ட நிலத்தைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். ஒருவருடைய ஊழியத்துக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு மறுபடியும் ஒரு குடும்பத்தின் நிலமாக மாறிவிட்டது.

மூன்றாவது வகைக் கொடை இதைவிடச் சிறியதாகத் தொடங்கியது. ஊர்களைக் காவல் காக்கும் பொறுப்பை ஒரு குடியிடம் விட்டு, அதற்காக அந்த ஊர்களில் பாடிகாவல் என்ற வரியைத் தண்டிக்கொள்ளும் உரிமையை மன்னன் அளித்தான். பார்ப்பதற்கு இது ஒரு கூலி மட்டுமே. ஆனால் காவலுக்காக வைத்திருக்கும் ஆட்கள் படையாகிறார்கள். காவல் வரியைத் தண்டுகிறவனிடமே மற்ற வரிகளையும் தண்டச் சொல்வது மன்னனின் அதிகாரிகளுக்கு எளிதாகிறது. சில தலைமுறைகளில் மன்னனின் பெயர் ஆட்சியாண்டைக் குறிக்க மட்டுமே பயன்படுகிறது. இன்றைய கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் காடவராயர் குடி இப்படித்தான் வளர்ந்தது. கூடலூரைச் சார்ந்த இந்தக் குடியினர் குலோத்துங்க சோழக் காடவராயன் என்று சோழ மன்னனின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு அதிகாரிகளாகத் தொடங்கியவர்கள்.

மூன்றாம் குலோத்துங்கன் 1178இல் பட்டமேறி 1218 வரை ஆண்ட காலத்தில், இத்தகைய குடிகள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு அவற்றைக் கோயில் சுவர்களில் வெட்டினார்கள். சம்புவராயர், மலையமான், அதிகைமான் போன்ற குடிகளின் பெயர்கள் அவற்றில் வருகின்றன. ஒருவனுக்குப் பகையானவன் மற்றவனுக்கும் பகை, ஒருவன் நட்பை மற்றவன் கெடுக்கக்கூடாது, போர் வந்தால் படையோடு துணை நிற்க வேண்டும் என்பது போன்ற உறுதிமொழிகள் அவை. மன்னன் வலிமையோடு இருந்தபோதே இவை எழுதப்பட்டன என்பதை நாம் கவனிக்க வேண்டும். அரசனுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள், அரசன் இல்லாத ஒரு நாளுக்காகத் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த நாள் விரைவில் வந்தது. மூன்றாம் ராசராசன் பாண்டியனிடம் தோற்றுத் தலைநகரை விட்டு வெளியேறியபோது, காடவன் கோப்பெருஞ்சிங்கன் அவனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஆண்டு 1231. கர்நாடகத்துப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர்களான (படைத்தலைவர்கள்) அப்பணரையும் சமுத்திர கோப்பையரையும் அனுப்பினான். அவர்கள் காடவனின் ஊர்களை அழித்துக்கொண்டே முன்னேறி, சோழனை மீட்டு மீண்டும் அரசில் அமர்த்தினார்கள். இந்தச் செய்தி முழுவதும் திருவேந்திபுரம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. சோழ நாட்டில், சோழனின் பெயரால் ஆண்டு கணக்கிட்ட ஒரு கோயிலில், சோழ மன்னன் சிறைப்பட்டதும் பிறர் வந்து மீட்டதும் வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

சோழனைச் சிறைப்பிடித்த குடிக்குத் தண்டனை எதுவும் நிலைக்கவில்லை. பிடிபட்ட மன்னன் திரும்பி வந்த பிறகும் காடவர் சேந்தமங்கலத்தில் இருந்தார்கள். சொக்கச்சீயன் என்ற அவர்களின் விருதுப்பெயரைத் தில்லையில் ஓர் ஏழுநிலைக் கோபுரம் தாங்கியது. 1243 முதல் காடவன் தன் சொந்த ஆட்சியாண்டைக் கணக்கிட்டுக் கல்வெட்டு வெட்டத் தொடங்கினான். உடையார்குடியில் மாமன் மருமகன் வரை தேடிச் சென்று சொத்தைப் பறித்த அரசு, இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, மன்னனையே பிடித்துவைத்த ஒருவனின் ஊர்களை எரிக்கப் போசளப் படையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. கடைசிச் சோழனான மூன்றாம் ராசேந்திரனின் கல்வெட்டுகள் 1279இல் முடிகின்றன. கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளும் ஏறத்தாழ அதே ஆண்டில் முடிகின்றன. அதற்குள் பாண்டியர் இருவர் நிலத்தையும் எடுத்துக்கொண்டு விட்டார்கள்.